வெள்ளைக்கோடு போட்ட பூண்டு

பூண்டைப் பத்தியெல்லாம் ஒரு பதிவான்னு கேக்கப் போறீங்க. ஆமாங்க, பூண்டைப் பத்தித்தான். போன ரெண்டு வாரமா ஆபீஸ்ல ரிலீஸ், தலைக்கு மேல வேலை. அதுக்கு நடுவுலயும் இதை எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன்னா, உள்ள ஏதோ அரிக்குதுன்னு அர்த்தம்.

நமக்குச் சொந்த ஊர் பெரியகுளம். பக்கத்துல வடுகபட்டி, பூண்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். கொடைக்கானல் மலையில விளையுற பூண்டு அங்க விலைக்கு வரும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின அதே மலைப்பூண்டுதான். அம்மா பெங்களூருக்கு வரும்போதெல்லாம் ஒரு அரைக்கிலோ பையில இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசியில, அதுல முளைவிட ஆரம்பிச்ச எட்டுப் பல்லைத் தூக்கிப் போட மனசு வராம, பால்கனியில ஒரு பழைய பெயின்ட் டப்பாவுல ஊனி வெச்சேன்.

ஏழு ஒழுங்கா வந்துச்சு. எட்டாவது மட்டும் மூணாவது இலையில ஒரு வெள்ளைக்கோடு போட்டுச்சு. அடியில இருந்து நுனி வரைக்கும், ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி. அடுத்த இலையில கோடு ஓரமா வந்துச்சு, அதுக்கு அடுத்ததுல மறுபடி நடுவுல. கொஞ்ச நாள் பாத்தப்புறம்தான் புரிஞ்சுது. பூண்டுச்செடியில இலைங்க எதிரும் புதிருமா வரும். கோடு இடம் மாறவே இல்ல. செடியோட ஒரே பக்கத்துலதான் நிக்குது, இலைங்கதான் மாறி மாறி வருது.

பொங்கலுக்கு வந்த அம்மா பாத்தவுடனே தீர்ப்பு சொல்லிட்டாங்க. "டேய், இது சீக்கு. பிடுங்கிப் போடு, மத்ததுக்கும் ஒட்டிரும்." கூட வேலை பாக்குற நண்பன் போட்டோ பாத்துட்டு, "மச்சி, ஜெனிடிக்கலி மாடிஃபைடு ஐட்டமா இருக்கும், சாப்பிட்டுத் தொலைக்காத" அப்படின்னான். கீழ்வீட்டு மாமி அதிசயப் பூண்டுன்னு குடும்ப குரூப்புக்கே அனுப்பிட்டாங்க. நான் மட்டும் யோக்கியமா? ஒரு ஆதாரமும் இல்லாம "மியூட்டேஷன்! மியூட்டேஷன்!"னு பத்துப் பேருகிட்ட பீத்திக்கிட்டேன் :-)

நாலு பேர்ல ஓரளவுக்கு உருப்படியாப் பேசினது அம்மாதான். பூண்டுக்கு வைரஸ் வரும். வந்தா இலையில மஞ்சள் கோடு கோடா விழும். அசுவினி ஒரு செடியில இருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும். அதைவிட மோசம், பல்லு வழியாவே அடுத்த தலைமுறைக்கும் போயிரும். மருந்து அடிச்சு அதைச் சரி பண்ண முடியாது. அதனால பிடுங்குன்னு சொன்னது மூடநம்பிக்கை இல்ல, அனுபவம். ஒத்துக்கிட்டு அந்தச் செடியை வேரோட மண்ணோட பெயர்த்து வேற தொட்டிக்கு மாத்தி, பால்கனியோட அந்தக் கோடியில தனியா வெச்சேன். பிடுங்க மட்டும் மாட்டேன்னுட்டேன்.

ஏன்னு சொல்றேன். பூண்டு மத்த செடி மாதிரி இல்ல. சாகுபடியில இருக்குற பூண்டு ஏறக்குறைய மொத்தமும் மலடு. பூத்தாலும் விதை பிடிக்காது. பல்லை நட்டுப் பூண்டு, அந்தப் பூண்டுல இருந்து பல்லு, இப்படியே ஆயிரக்கணக்கான வருஷமா ஓடிட்டு இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, வெறும் கிட் க்ளோன். மெர்ஜ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. விதை போடக்கூடிய பூண்டு இருக்குன்னு ஜப்பான் விஞ்ஞானி எத்தோ எழுதினதே 1986-லதான். அதுவும் பூண்டோட பூர்வீகமான மத்திய ஆசியாவுல தேடிச் சேகரிச்சதுல இருந்து.

அப்ப பூண்டுல இத்தனை ரகம் எங்க இருந்து வந்துச்சு? வெள்ளைத்தோல், ஊதாத்தோல், பெரிய பல், சின்னப் பல்? ஆதியில விதை போட்ட காலத்துல கொஞ்சம் வந்திருக்கும். அதுக்கப்புறம் வந்த வித்தியாசத்துக்கு வேற வழியே இல்ல. செல் பிரியும்போது நடக்குற காப்பி பிழைதான். அதுவும் சின்ன ஃபைல் இல்ல. 2020-ல பூண்டோட மரபணுத் தொகுதியை முழுசா படிச்சாங்க. 1,600 கோடி எழுத்துக்கு மேல. மனுஷனுக்கு 300 கோடிச் சொச்சம்தான். (ரசத்துல மிதக்குறது நம்மள விட அஞ்சு மடங்கு பெரிய கோடுபேஸ்!) அவ்வளவு பெரிசைத் திருப்பித் திருப்பிக் காப்பி எடுத்தா எங்கயாவது ஒரு எழுத்து மாறத்தான் செய்யும். மாறினதுல ஏதோ ஒண்ணு யாரோ ஒரு விவசாயி கண்ணுல பட்டு, "இது வேற மாதிரி இருக்கே"ன்னு தனியா எடுத்து வெச்சிருக்கணும். அவரும் சீக்குன்னு பிடுங்கிப் போட்டிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும்.

இது பூண்டோட மட்டும் நிக்கல. குமரி மாவட்டத்துப் பக்கம் செவ்வாழை போட்டவங்களைக் கேளுங்க. செவ்வாழைக் கன்னுதான் நட்டிருப்பாங்க, திடீர்னு ஒண்ணு பச்சைத்தார் தள்ளும். கன்னுக்காரன் ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போவாங்க. அது ஏமாத்து இல்ல, செவ்வாழைக்கு உள்ள புத்தி. அமெரிக்காவுல 1929-ல டெக்சாஸ்ல ஒரு பம்ப்ளிமாஸ் வகை மரத்துல, ஒரே ஒரு கிளையில மட்டும் சிவப்புச் சுளை காய்ச்சுது. அந்தக் கிளையை வெட்டி ஒட்டுக் கட்டினதுதான் ரூபி ரெட். பேட்டன்ட் வரைக்கும் போச்சு.

அதுக்காக வித்தியாசமா இருக்குறதெல்லாம் மியூட்டேஷனும் இல்ல. ஒத்தைப் பூண்டையே எடுத்துக்கங்க. ஒரே பல்லா உருண்டையா இருக்கும். அபூர்வ ரகம், அதைச் சரிபண்ணும் இதைச் சரிபண்ணும்னு தனி விலை வெச்சு விக்கிறாங்க. பெரும்பாலும் அது ரகமே இல்ல. சின்னப் பல்லை நட்டாலோ, தேவையான குளிர் கிடைக்கலன்னாலோ பூண்டு பல்லாப் பிரியாம நின்னுரும். அதையே நல்லா நட்டுப் பாருங்க, அடுத்த தடவை பல்லு பல்லா வரும். அதனால என் கட்சி இதுதான்: சீக்குன்னு பிடுங்குறதும் தப்பு, அதிசயம்னு கும்பிடுறதும் தப்பு. ஜெனிடிக்கலி மாடிஃபைடுன்னு பயப்படுறது அதைவிடத் தப்பு; எந்த லேபுக்கும் போகாத செடி அது. இன்னொரு தடவை நட்டுப் பாக்குற வரைக்கும் எதுக்கும் பேர் வைக்கக் கூடாது. நான் வெச்சதும் சேத்துத்தான் சொல்றேன்.

மார்ச்ல பிடுங்கினேன். கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசு, ஆறு பல்லு. ரசத்துக்குப் போகாம ஆறு மாசம் காப்பாத்தினதுதான் இதுல பெரிய சாதனை. போன ஐப்பசியில தனித்தனிக் கப்புல ஆறையும் நட்டேன். மூணு முழுப்பச்சையா வந்துச்சு. ரெண்டுல கோடு. ஒண்ணு முளைக்கும்போதே சுத்த வெள்ளை, துளி பச்சை கிடையாது. பச்சையம் இல்லாம எதை வெச்சுச் சமைச்சுச் சாப்பிடும்? பல்லுல இருந்த சாப்பாடு தீர்ற வரைக்கும் நின்னுச்சு, மூணு வாரத்துல சாஞ்சிருச்சு. சொன்னா சிரிப்பீங்க, எனக்கு அன்னைக்கு மனசே சரியில்ல.

ஆனா அந்த வெள்ளைதான் பதிலும் சொல்லுச்சு. வைரஸா இருந்தா ஆறுமே சீக்காளியா வந்திருக்கணும். இங்க தாய்ச்செடியில பச்சைப் பக்கத்துல உண்டான பல்லு பச்சையா வந்திருக்கு, வெள்ளைப் பக்கத்துல உண்டானது வெள்ளையா, ரெண்டும் கலந்த இடத்துல இருந்து வந்தது கோடு போட்டு. ஒரே செடிக்குள்ள ரெண்டு வகைத் திசு குடியிருக்கு. குருத்துல எங்கயோ ஒரு செல்லுல பச்சையம் கெட்டுப் போயிருக்கு. அதோட வாரிசுங்க மேலயும் கீழயுமா வரிசை கட்டி நிக்கிறதுதான் நான் பாத்த அந்தக் கோடு.

பிரயோஜனம்? ஒண்ணும் இல்லங்க. கோட்டுச் செடி மத்ததை விட மெதுவா வளருது, பூண்டும் சின்னது. இது நாளைக்கு வடுகபட்டிச் சந்தைக்கு வரப்போற ரகம் இல்ல. மாறுறதுல முக்கால்வாசி இப்படித்தான், உதவாதது. எது உதவும்னு இலையைப் பாத்துச் சொல்ல முடியாதே, அதான் பிரச்சினை.

இந்த மார்ச்ல கோட்டுச் செடி ரெண்டுலயும் சேத்து ஒன்பது பல்லு தேறுச்சு. டப்பாவுல போட்டு, மேல பேப்பர் ஒட்டி "தொடாதே"ன்னு எழுதி வெச்சிருந்தேன். போன வாரம் வந்த அம்மா டப்பாவைத் திறந்து முகர்ந்து பாத்துட்டு, "எனக்கு ரெண்டு குடு, மிச்சத்த நீ நட்டுக்க" அப்படின்னாங்க. குடுத்தேன். அன்னைக்கு ரசம் எப்பவும் போலத்தான் இருந்துச்சு.