ஆண்மை ஊசி போடலாமா?

பட்டினப்பாக்கம் கடற்கரையில் வாலிபர்கள் ஓடுகிறார்கள், தண்டால் எடுக்கிறார்கள். நல்ல காரியம்.

ஆனால், உடம்பு சீக்கிரம் முறுக்கேற வேண்டும் என்று "ஆண்மை ஊசி"யைத் தேடுகிற வாலிபர்களும் இருக்கிறார்கள். அது விலை கொடுத்து வினையை வாங்குவது.

ஊசி மருந்தின் பெயர் டெஸ்டோஸ்டீரோன். ஆணின் விரையில் தானாக ஊறும் சுரப்பு நீர் இது. 1935-ம் ஆண்டு விஞ்ஞானிகள் இதை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். சுரப்பு குறைந்த நோயாளிகளுக்கு இது வரம். அவர்களுக்கும் ரத்தத்தைச் சோதித்த பிறகே டாக்டர்கள் போடுகிறார்கள்.

இதில் ஒருவகை ஊசி 2, 3 வாரத்துக்கு ஒருமுறை போடுவது. போட்டதும் சுரப்பு ஏறும், பிறகு இறங்கும். மனமும் கூடவே ஏறி இறங்கும்.

மற்றொன்று 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை. பிட்டத்தில் ஆழமாக, மெதுவாக ஏற்ற வேண்டும். அந்த எண்ணெய் மருந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும்.

எந்த ஊசியானாலும் ரத்தம் கெட்டியாகலாம். முகப்பரு வரலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வெளியிலிருந்து மருந்து வந்தால், "இனி வேலை வேண்டாம்" என்று மூளை விரைக்கு உத்தரவு போட்டுவிடும். விரை சுருங்கும். விந்து அணு குறையும். அடியோடு நின்றும் போகலாம்.

ஆண்மைக்குப் போட்ட ஊசி, வீட்டில் தொட்டில் ஆடவிடாமல் செய்கிறது! ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் "மலடி" என்ற பழி யார் தலையில் விழும்? ஒரு பாவமும் அறியாத மனைவி தலையில்!

டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மருந்தை விற்கக்கூடாது என்பது சட்டம். உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசியை நீட்டுகிறவர்களுக்கு அது தெரியாதா?