ஊரில் எந்தத் தெரு?

உயர் நீதிமன்றம் கோடை விடுமுறை முடிந்து திறந்த கடந்த ஜூனில், பாரிமுனையில் ஒரு மூத்த வழக்கறிஞரின் சேம்பரில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குள் அதுவரை நுழைந்ததில்லை. சீனியர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். "அப்பா என்ன பண்றார்?" "சொந்த ஊர் எது?" "அங்க எந்தத் தெரு?"

மூன்றாவது கேள்வி எதற்கென்று உங்களுக்குத் தெரியும், தோழர்களே.

மறுநாள் முதல் ஜெராக்ஸ் கடையும் டீக்கடையும் என் பொறுப்பு. மனு எழுதிப் பழகுவதும் நீதிமன்ற அறையில் சீனியர் பக்கத்தில் நிற்பதும் என்னோடு சேர்ந்த இன்னொரு மாணவருக்கு. அவருடைய மாமா சீனியரின் நண்பர். இதைச் சாதி என்று அங்கே யாரும் சொல்வதில்லை, "தெரிஞ்ச பையன்" என்பார்கள். வழக்குக் கட்டை எப்படி அடுக்குவது என்பதைக்கூட எனக்குக் குமாஸ்தா அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார்.

வேண்டாம் என்று வெளியேறவும் முடியாது. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஆனால் உதவித்தொகை பற்றியோ இடஒதுக்கீடு பற்றியோ அந்த விதிகளில் ஒரு வரி இல்லை. விடுமுறையில் நான் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போவேன். இந்த முறை அந்தக் கூலியும் போனது, சென்னையில் தங்கிச் சாப்பிட்ட செலவு கடனாகவும் நின்றது.

தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பழகும் ஐடிஐ மாணவருக்கு 1961 தொழில் பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடும் உண்டு. பட்டறையில் முடிவது சேம்பரில் ஏன் முடியாது?

"இலவசமாகத் தொழில் கற்றுத் தருகிறோம், பணமும் வேண்டுமா?" என்று கேட்பார்கள். தொழில் பழகுபவருக்கும் வயிறு உண்டு. இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024இல் சொன்னது. அந்த நியாயம் மாணவர் வரை இறங்கி வரட்டும்.

2018 முதல் 2022 வரை நியமிக்கப்பட்ட 537 உயர் நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 3 விழுக்காடுகூட இல்லை. நீதிபதிகள் பெரும்பாலும் வழக்கறிஞர்களிலிருந்து வருகிறார்கள். வழக்கறிஞர்கள் சேம்பர்களில் உருவாகிறார்கள். வடிகட்டுவது அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இன்டர்ன்ஷிப் இடங்களைக் கல்லூரியே பட்டியலிட்டு, இடஒதுக்கீட்டின்படி ஒதுக்க வேண்டும். முதல் தலைமுறை மாணவருக்கு அரசு உதவித்தொகை தர வேண்டும். சேம்பரில் நடக்கும் பாகுபாட்டைப் புகார் செய்ய ஓர் இடம் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் இயக்கங்களில் எத்தனையோ வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வரும் விடுமுறைக்கு ஆளுக்கொரு மாணவரை, பஸ் காசும் சாப்பாடும் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கையில் ஒரு வழக்குக் கட்டைக் கொடுங்கள்.