குதிரையில்லாக் குதிரை வீரர்

போர் நினைவுச் சின்னம் யாருக்கு உரியது? மாண்டவருக்கா, அதனை நிறுவியவருக்கா? மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் நமக்கு இஃது ஏட்டு வினாவன்று. ஆண்டுதோறும் கார்த்திகையில், இடிக்கப்பட்ட துயிலுமில்லங்களில் விளக்கேற்றும் தாய்மாரின் வினா. விடை காண்பதற்கு முதலிற் புதுதில்லியை நோக்குவோம்.

அங்கே தீன் மூர்த்தி சந்தியில் ஒரு தூணைச் சூழ்ந்து மூன்று வெண்கல வீரர் நிற்கின்றனர். முதலாம் உலகப் போரில் உயிர்நீத்த ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர் சமஸ்தானக் குதிரைப்படையினரின் நினைவாக 1922இல் எழுந்த சின்னம் அது. சிற்பி லெனார்ட் ஜென்னிங்ஸ். 1918 செப்டெம்பர் 23ஆம் நாள் ஜோத்பூர், மைசூர் வீரர் ஈட்டியும் வாளும் ஏந்தி, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே பாய்ந்து ஹைபா நகரைக் கைப்பற்றினர். எண்மர் மாண்டனர்; 34 பேர் காயமுற்றனர்; 60 குதிரைகள் மடிந்தன. சின்னத்திலோ ஒரு குதிரையேனும் இல்லை.

அவர்கள் போரிட்டது பிரித்தானியப் பேரரசுக்காக. அப்பேரரசு மறைந்தது. 2018 ஜனவரியில் இஸ்ரேலியப் பிரதமரின் வருகையையொட்டி, அச்சந்தி 'தீன் மூர்த்தி ஹைபா சௌக்' எனப் புதுப் பெயர் பெற்றது. பேரரசின் நன்றிக்கடனாக எழுந்த சின்னம் இரு நாடுகளின் நட்புக்குச் சான்றாயிற்று. வெண்கலம் மாறவில்லை, பொருள் உரைப்போர் மாறினர்.

தமிழரின் நடுகல் மரபு வேறு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகல் ஒன்றில், ஆகோட் பூசலில் மாண்ட அந்தவன் என்பானின் பெயர் இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. நாடாண்ட மன்னன் பெயர் அதில் இல்லை.

நம் நாட்டிலோ, 2009இல் போர் முடிந்தபின் ஆனையிறவிலும் புதுக்குடியிருப்பிலும் வெற்றிச் சின்னங்கள் எழுந்தன. தில்லிச் சின்னத்திற் குதிரைக்கு இடமில்லாததுபோல், இவற்றில் தோற்றவருக்கும், இடையில் அகப்பட்டு மடிந்தவருக்கும் இடமில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிற் கொல்லப்பட்டோரும், 1991 ஜூனில் மகிழடித்தீவில் மாண்டோரும் இவ்வாவிக் கரையின் மக்களே. களத்தில் வீழ்ந்த தென்னிலங்கைச் சிப்பாய்க்கும் அழுகின்ற தாய் உண்டு.

எந்தப் போர் நியாயமானது என்பதை வரலாறு ஆராயட்டும். மாண்டவர் பெயரைக் கல்லிற் பொறிக்கவும், அதன்முன் அச்சமின்றி நின்றழவும் உற்றாருக்குள்ள உரிமை, அவ்வாராய்ச்சியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆட்சி எதுவாயினும், இவ்வுரிமையைச் சட்டத்தால் உறுதிசெய்வதே அதன் கடன். ஓராண்டு இசைவதும் மறு ஆண்டு தடுப்பதுமாக அமையும் அனுமதி உரிமையாகாது.