சுவரிலிருக்கும் பிளக்கையும் சோதியுங்கள்

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல ஊர்களில் ஸ்கூட்டர்கள் எரிந்ததும் பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 தரவிதியை மத்திய அரசு கடுமையாக்கியது. டிசம்பரிலிருந்து அது படிப்படியாக அமலுக்கும் வந்தது. தேவையான நடவடிக்கைதான். ஆனால், பேட்டரிக்கு மின்சாரம் தரும் சுவர்ப் பிளக் அன்றிருந்தபடியே இருக்கிறது.

இன்று அந்தப் பிளக்கில் காரையே செருகுகிறோம். சென்னைப் புறநகரில் பம்மல், அனகாபுத்தூர் பக்கத்துச் சிறிய அடுக்ககங்கள் பலவற்றில் மீட்டர் பெட்டி, வண்டி நிறுத்துமிடம், மாடிப்படி மூன்றும் ஒரே மூலையில் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் எந்த வழியாக இறங்குவார்கள்?

15 ஆம்பியர் பிளக்கில் போடும் கார் சார்ஜர் சுமார் 3.3 கிலோவாட், அதாவது 14 ஆம்பியர் இழுக்கிறது. ஏசியும் கீஸரும் இடையிடையே நின்று ஓடும். கார் அப்படியல்ல, 30 யூனிட் பேட்டரி நிரம்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் இழுக்கும். பிளக்குக்குப் பின்னால் ஒரு ஸ்குரூ தளர்ந்திருந்தாலே போதும், அந்த முனை இரவெல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும். மின்னோட்டம் அளவுக்குள் இருப்பதால் எம்சிபி விழாது. மின்கசிவு இல்லாததால், கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் விழாது. 'வீட்டில்தான் எம்சிபி இருக்கிறதே' என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறோம். தளர்ந்த ஸ்குரூவைக் கண்டுபிடிக்க, போர்டைக் கழற்றிப் பார்க்கும் ஆள் வேண்டும்.

வீட்டின் பழைய இணைப்பிலேயே வண்டியைச் சார்ஜ் செய்யலாம் என்றது மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல். அனுமதி சரி, சோதனையும் கட்டாயமாக வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்த்துக் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் விற்பனையாளர் காரை ஒப்படைக்கக் கூடாது என்று தமிழக அரசு ஆணையிட வேண்டும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அளந்து பார்த்த எர்த் ஆகியவை இருப்பதை அந்தச் சான்று உறுதிசெய்ய வேண்டும். 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் வயர் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

பல லட்சம் கொடுத்துக் கார் வாங்குகிறவருக்கு இது தாங்க முடியாத செலவல்ல. வாடகைக்கு இருப்பவர்களின் சங்கடம்தான் நிஜமானது. பாதுகாப்பான லைன் இழுக்க வீட்டு உரிமையாளர் மறுக்க முடியாதபடி அந்த ஆணையிலேயே வழி செய்ய வேண்டும்.

ஆணை வரும்வரை காத்திருக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வண்டியைப் போடாதீர்கள். இன்றிரவு சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால், சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.