ஊர் சுத்தலாம்: முதலில் கோயில், அப்புறம் மீன்!

கட்டுமாவடிக்குக் கிளம்பும்போதே வீட்டில் ஒரு கேள்வி வரும்: 'மீன் சாப்பிட்டுட்டு எப்படிக் கோயிலுக்குப் போறது?' வழி இருக்கிறது. காலையில் முதலில் ஆவுடையார்கோயில். லிங்கம் இல்லாமல் ஆவுடையார் மட்டுமே உள்ள சந்நிதி. ஆத்மநாத சுவாமிக்கு நைவேத்தியம், சுடச்சுட வடித்த புழுங்கலரிசிச் சோற்றின் ஆவி! கல்லில் இழைத்த கொடுங்கைகளையும் நிமிர்ந்து பாருங்கள்.

மதியம் கட்டுமாவடி. நண்டோ, இறாலோ, கணவாயோ... விலையை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன்தான். வரத்து குறைவு, விலை கூடுதல். ருசிக்குக் குறைவில்லை!

சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மல்லிப்பட்டினம் அருகே மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டடுக்குக் கோபுரம். சண்டை ஐரோப்பாவில், நினைவுச்சின்னம் நம்மூர்க் கடற்கரையில்! இருட்டுவதற்குள் போய்விடுங்கள்.