படத்தையே படிக்கும் தேடல்

செயற்கை நுண்ணறிவு வழியான காணொளித் தேடல், கோப்பின் பெயரையோ யாரோ எழுதிவைத்த குறிப்பையோ நம்பியிருப்பதில்லை, படத்தையே படிக்கிறது. 2021-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ‘கிளிப்’ என்ற மாதிரி, படத்தையும் சொற்றொடரையும் எண்களாக மாற்றி ஒன்றோடொன்று ஒப்பிட வழி செய்தது. ‘மழையில் குடையோடு நடக்கும் பெண்’ என்று தட்டினால், குறிப்பே இல்லாத காட்சியும் வந்து நிற்கும். வியக்கத்தக்க வசதிதான். ஆனால் செய்தி அறையில் படத்தொகுப்பு செய்பவருக்கு அது மட்டும் போதாது. ஒரு மணி நேரக் கோப்பைக் கையில் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? தேடிய ஷாட் அதில் தொடங்கும் நேரக் குறியீடு, அதாவது டைம்கோடு, வேண்டும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் ஒளிபரப்பில் அரை நொடி பிசகினாலே 12 ஃபிரேமுக்கு மேல் தவறிவிடும். யார் எடுத்தது, எப்போது எடுத்தது, உரிமை யாரிடம் என்பதும் கூடவே தெரிய வேண்டும். உரிமை தெரியாத காட்சி கிடைத்தும் பயனில்லை. வேலை நடக்கும் மென்பொருளுக்குள்ளேயே தேடலும் இருக்க வேண்டும். அடோபி பிரீமியர் ப்ரோ 2025-இல் இவ்வசதியைச் சேர்த்தது சரியான முடிவு. ஆனாலும் ஒரு காட்சியில் இருப்பது வெள்ளம் என்றுதான் இயந்திரம் அடையாளம் காணும். எந்த ஊர், எந்த ஆண்டு என்பதற்கு உத்தரவாதம் தராது. ஒளிபரப்பும் முன் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு படத்தொகுப்பாளருடையதே.