‘வைரஸ்’ என்று எழுதிய பிறகு

பிசான நடவு முடிந்து தாமிரபரணி வயல்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், காய்ச்சலும் வலிப்புமாக வரும் பிள்ளையைக் கண்டதும் மருத்துவரின் மனம் மூளைக்காய்ச்சல் பக்கம் போவதில் தப்பில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அந்த வயல் நீரில்தான் பெருகுகிறது. இந்தியாவில் அந்நோய் முதலில் அறியப்பட்டதும் நம் வேலூர்ப் பக்கம்தான், 1955இல். ஹெர்ப்பிஸ் வைரஸ் என்று சந்தேகம் வந்தால் முடிவுக்குக் காத்திராமல் அசைக்ளோவிர் மருந்தை ஏற்றத்தான் வேண்டும். தாமதித்தால் உயிர் போகும். ஆகவே வைரஸைத் தேடுவது கடமை. தேடிக் கிடைக்காத பிறகும் சீட்டில் ‘வைரஸ்’ என்றே எழுதி வீட்டுக்கு அனுப்புவதைத்தான் குற்றம் என்கிறோம்.

வைரஸே இல்லாமலும் மூளைக்காய்ச்சல் வரும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புரதமே மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் நோயை 2007இல் ஜோசப் டால்மாவின் குழு அடையாளம் கண்டது. இளம்பெண்களுக்கும் சிறுவர்களுக்குமே அதிகம். தூக்கம் போகும், பேச்சு பிதற்றலாகும், ஆளே மாறிப்போவாள். பிறகு வலிப்பு, வாயிலும் முகத்திலும் ஓயாத அசைவு. எம்.ஆர்.ஐ. படம் பல நேரம் சுத்தமாகவே இருக்கும். சிலருக்குச் சூலகத்தில் கட்டி இருக்கும். அதை எடுத்தாக வேண்டும். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் என்று மருத்துவம் உண்டு. 500க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு முடிவில் ஐவரில் நால்வர் தேறியிருந்தார்கள். சீக்கிரம் தொடங்கியவர்களுக்கே பலன் கூடுதல். இன்னொரு சிக்கலும் உண்டு: ஹெர்ப்பிஸிலிருந்து தேறிய பிள்ளைக்குச் சில வாரத்தில் இதே தன்னெதிர்ப்பு நோய் வரலாம். ‘பழைய காய்ச்சலின் மிச்சம்’ என்று அதைத் தள்ளிவிடக் கூடாது.

ஆளே மாறிப்போன மகளை, பேய் பிடித்ததென்று கோடங்கியிடம் கூட்டிப்போகும் தாயை வைவது எளிது. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்தபோது இந்த நோய்க்குப் பெயர்கூட இல்லை. இன்று பெயர் இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது. பிறகும் அவள் கோடங்கியிடம்தான் போகிறாள் என்றால் தீர்ப்பு அவள்மேல் அல்ல, பரிசோதனையை அவள் கைக்கெட்டாமல் வைத்திருப்பவர்கள்மேல்.

முதுகுத்தண்டு நீரை எடுக்க முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும் என்று பயப்படுகிற குடும்பத்திடம் உட்கார்ந்து பேச, வார்டில் யாருக்காவது மருத்துவமனை பத்து நிமிடம் ஒதுக்கட்டும். எடுத்த நீரில் ஒரு குப்பியை எதிர்ப்புரதப் பரிசோதனைக்கென்று முதல் நாளே தனியே எடுத்து வைக்கட்டும். அது பாளையங்கோட்டையிலிருந்து எந்த ஊர் ஆய்வகத்துக்குப் போனாலும், அதற்கான ரசீது பிள்ளையின் அப்பா பெயரில் வரக்கூடாது.